.406ஐப் படிப்பது எப்படி: பேஸ்பால் ஜாம்பவான்களின் எண்கள், புதிதாகத் தொடங்குவோருக்கு

டெட் வில்லியம்ஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸ், 1941. ஆட்டங்கள் 143. அட்-பேட் 456. ஹிட் 185. ஹோம் ரன் 37. வாக் 147. ஆவரேஜ் .406.

அமெரிக்க பேஸ்பாலில் அதிகம் பேசப்பட்ட வரிகளில் இதுவும் ஒன்று. கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தே பழகிய நமக்கு இதில் பெரிதாக எதுவும் தெரியாது. பிராட்மேனின் 99.94 எங்கே, ஒன்றைக்கூட எட்டாத இந்த .406 எங்கே? ஆனால் இந்த ஒரு வரியைப் படிக்கத் தெரிந்துவிட்டால், பேப் ரூத், ஹாங்க் ஆரன், ஜாஷ் கிப்சன் என்று யாருடைய பக்கத்தைத் திறந்தாலும் அவர் என்ன செய்தார், அவருக்கு என்ன மறுக்கப்பட்டது என்பது புரியத் தொடங்கும். எந்த எண்ணைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதை எதால் வகுத்தார்கள்? எதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டார்கள்?

முதலில், எண்களைப் படிக்கத் தேவையான அளவுக்கு மட்டும் ஆட்டத்தைப் பார்ப்போம். அணிக்கு ஒன்பது பேர், ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் மூன்று பேர் அவுட்டானால் எதிரணிக்கு பேட்டிங். பிட்சர் 60 அடி 6 அங்குலத் தூரத்திலிருந்து (சுமார் 18.4 மீட்டர்; கிரிக்கெட் பிட்ச்சைவிடச் சற்றுக் குறைவு) பந்தைத் தரையில் குத்தாமல் எறிவார். பேட்டர் அடித்துவிட்டு 90 அடி தள்ளியிருக்கும் முதல் பேஸுக்கு ஓட வேண்டும். நான்கு பேஸையும் சுற்றி முடித்தால் ஒரு ரன். ஃபீல்டரின் தவறால் இல்லாமல், தன் அடியால் ஒரு பேஸையாவது பிடித்தால் அது ஹிட். வேலியைத் தாண்டி அடித்தால் ஹோம் ரன். சிக்ஸர் போலத்தான், ஆனால் அந்த நேரம் பேஸ்களில் நிற்கும் சக வீரர்களும் சேர்ந்து ரன் எடுத்துவிடுவார்கள். அடிக்கத் தகுந்த எல்லைக்குள் வந்த பந்தை விட்டாலும் மட்டையை வீசித் தவறினாலும் ஸ்ட்ரைக், மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட். எல்லைக்கு வெளியே போன பந்தைத் தொடாமல் விட்டால் அதற்குப் பெயர் 'பால்'. நான்கு பால் சேர்ந்தால் பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். அதுதான் வாக்.

கிரிக்கெட்டில் அவுட்டாகும்வரை நின்று ஆடலாம். இங்கே ஒருவர் ஓர் ஆட்டத்தில் நான்கைந்து முறை வந்து போவார். ஒவ்வொரு முறையும் ஜெயித்தாரா தோற்றாரா என்பதே கேள்வி. அதனால்தான் ஆவரேஜ் ஒன்றுக்குள் அடங்குகிறது.

கணக்கு எளிது: ஹிட்டை அட்-பேட்டால் வகுக்க வேண்டும். 185 ÷ 456 = 0.4057. மூன்று இலக்கத்துக்கு முழுமையாக்கினால் .406. பேச்சில் புள்ளியும் பூஜ்யமும் காணாமல் போய்விடும். 'முந்நூறு அடிப்பவர்', 'நானூறு அடித்தவர்' என்றுதான் சொல்வார்கள். முந்நூறு அடிப்பவர் என்றால் பத்தில் ஏழு முறை தோற்பவர். அவர்தான் நல்ல பேட்டர். இன்றைய மேஜர் லீகில் (அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டும் சேர்ந்த, அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டம்) எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி .245ஐ ஒட்டித்தான் இருக்கிறது.

புதிதாகப் படிப்பவர்கள் வழுக்கி விழும் முதல் இடம் இந்த 'அட்-பேட்'. பேட்டர் எத்தனை முறை வந்து நின்றார் என்பதல்ல அது. வாக் கிடைத்தால், உடம்பில் பந்து பட்டு முதல் பேஸுக்குப் போனால், சக வீரரை நகர்த்துவதற்காகப் பந்தை மெல்லத் தட்டிவிட்டுத் தான் அவுட்டானால், அவை அட்-பேட்டில் சேராது. ஃபீல்டர் தவறவிட்டதால் பேஸைப் பிடித்தாலோ, அட்-பேட் ஏறும், ஹிட் ஏறாது. 1941இல் வில்லியம்ஸ் உண்மையில் வந்து நின்றது 606 முறை: 456 அட்-பேட், 147 வாக், உடம்பில் பட்டது 3. இந்த மொத்தத்துக்குப் பெயர் பிளேட் அப்பியரன்ஸ்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மூன்றாவது பேஸில் ஆள் நிற்கும்போது பந்தைத் தூரமாகத் தூக்கியடித்து, கேட்ச் ஆனாலும் அந்த ஆள் ஓடி ரன் எடுக்க வழி செய்தால் அது சாக்ரிஃபைஸ் ஃப்ளை. இன்றைய விதிப்படி அது அட்-பேட்டில் சேராது. 1941இல் சேர்ந்தது. அதாவது வில்லியம்ஸின் .406, இன்று நானூறுக்கு முயல்கிற ஒருவருக்கு இருப்பதைவிடக் கடுமையான விதியின் கீழ் வந்த எண்.

கடைசி நாள்

1941 செப்டம்பர் 28, பிலடெல்பியாவின் ஷைப் பார்க். சீசனின் கடைசி நாள், அடுத்தடுத்து இரண்டு ஆட்டம். அன்று காலையில் வில்லியம்ஸின் கணக்கு 448க்கு 179, அதாவது .39955. முழுமையாக்கினால் .400. ஆடாமல் உட்கார்ந்துவிட்டால் சாதனை புத்தகத்தில் ஏறிவிடும். மேலாளர் ஜோ க்ரோனின் அந்த வாய்ப்பையும் கொடுத்தார். 23 வயது வில்லியம்ஸ் மறுத்து இரண்டு ஆட்டத்திலும் இறங்கினார்.

அவர் எதைப் பணயம் வைத்தார் என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்றைக்கு எட்டு அட்-பேட். மூன்று ஹிட் மட்டும் வந்திருந்தால் 182 ÷ 456 = .399, நானூறு போயிருக்கும். எட்டுக்கு மூன்று என்பது .375, எந்த பேட்டருக்கும் அருமையான நாள். அப்படியொரு அருமையான நாள்கூட அன்று அவருக்குப் போதாது. முதல் ஆட்டத்தில் ஐந்துக்கு நான்கு, இரண்டாவதில் மூன்றுக்கு இரண்டு, மொத்தம் ஆறு ஹிட். அதற்குப் பிறகு அமெரிக்கன் லீகிலும் நேஷனல் லீகிலும் முழு சீசனுக்கு நானூறைத் தொட்டவர் இல்லை. கிட்ட வந்தவர்கள் உண்டு. 1980இல் ஜார்ஜ் பிரெட் 449க்கு 175 அடித்து .390இல் நின்றார், இன்னும் ஐந்து ஹிட் வேண்டியிருந்தது. 1994இல் டோனி க்வின் 419க்கு 165, .394, மூன்றே மூன்று ஹிட் குறைவு. அந்த ஆண்டு வீரர்களின் வேலைநிறுத்தத்தால் சீசன் ஆகஸ்டிலேயே முடிந்துபோனது.

வில்லியம்ஸின் பக்கத்தையே இன்னும் கீழே பார்த்தால் 1952இல் .400, 1953இல் .407 என்று இருக்கும். மறுபடியும் இரண்டு முறை நானூறா என்று தோன்றும். அட்-பேட்டைப் பாருங்கள்: 1952இல் 10க்கு 4, 1953இல் 91க்கு 37. மீதி நாட்களில் அவர் கொரியப் போருக்காக ராணுவத்தில் விமானியாக இருந்தார். ஆவரேஜ் பட்டியலில் இடம்பெற, அணி ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 3.1 பிளேட் அப்பியரன்ஸ் வேண்டும் என்பது இன்றைய விதி. 162 ஆட்ட சீசனுக்கு அது 502. இந்த எண்ணைப் பார்க்காமல் ஆவரேஜைப் படிக்காதீர்கள். இன்னொரு பொதுவான பிழை, இரண்டு ஆண்டு ஆவரேஜைக் கூட்டி இரண்டால் வகுப்பது. இந்த இரண்டுக்கும் அப்படிச் செய்தால் .4035 வரும். சரியான வழி ஹிட்டையும் அட்-பேட்டையும் தனித்தனியாகக் கூட்டுவது: 101க்கு 41. விடை, ஆச்சரியமாக, அதே .406.

ஆவரேஜ் பார்க்காதவை

அதே 1941இல் நியூயார்க் யாங்கீஸின் ஜோ டிமாஜியோ தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஒரு ஹிட்டாவது அடித்தார். மே 15இல் தொடங்கி ஜூலை 16 வரை. மறுநாள் கிளீவ்லேண்டில் தொடர் முறிந்தது. ஆண்டின் மதிப்புமிக்க வீரர் விருதும் அவருக்கே போனது. 56 இன்னும் முறியடிக்கப்படாத சாதனைதான். ஆனால் அந்த விருதை இன்றைய கண்ணோடு பார்த்தால் வில்லியம்ஸுக்கே கொடுத்திருக்க வேண்டும். காரணம் அந்த 147 வாக்.

பேட்டரின் முதல் வேலை அவுட்டாகாமல் இருப்பது. அணியின் கையில் ஓர் ஆட்டத்துக்கு இருப்பது 27 அவுட்தான். அதை அளப்பது ஆன்-பேஸ் சதவீதம்: ஹிட், வாக், உடம்பில் பட்டது மூன்றையும் கூட்டி, அட்-பேட், வாக், உடம்பில் பட்டது, சாக்ரிஃபைஸ் ஃப்ளை இவற்றின் கூட்டுத்தொகையால் வகுப்பது. வில்லியம்ஸுக்கு 335 ÷ 606 = .553. பாதிக்கு மேல் முறை அவரை அவுட்டாக்க முடியவில்லை. டிமாஜியோவுக்கு .440, அதுவும் மிகச் சிறந்த எண்தான், ஆனால் இரண்டும் ஒரே தட்டில் நிற்காது.

ஜப்பானின் இச்சிரோ சுசுகி 2004இல் சியாட்டிலுக்காக 262 ஹிட் அடித்து, 1920 முதல் நின்ற ஜார்ஜ் சிஸ்லரின் 257ஐ உடைத்தார். ஒரு சீசனின் அதிகபட்ச ஹிட் இன்றும் அதுதான். அவருக்கு அந்த ஆண்டு வாக் 49 மட்டும். வில்லியம்ஸ் 1941இல் அவரைவிட 77 ஹிட் குறைவாக அடித்தும், 20 முறை அதிகமாக பேஸைப் பிடித்திருக்கிறார். அதுவும் 156 முறை குறைவாக வந்து நின்று. இதனால் இச்சிரோ சிறியவராகிவிட மாட்டார். வேகத்தாலும் கைத்திறனாலும் ஒற்றை ஒற்றையாக ஹிட் சேர்ப்பது அவர் கலை. 27 வயதில்தான் அமெரிக்கா வந்தார், வந்த ஆண்டே புதுமுக விருதும் மதிப்புமிக்க வீரர் விருதும் வாங்கினார். எந்த எண் எந்தத் திறமையைக் காட்டுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த ஒப்பீடு.

ஆவரேஜின் இன்னொரு குறை, முதல் பேஸோடு நிற்கும் ஹிட்டையும் ஹோம் ரன்னையும் ஒன்றாக எண்ணுவது. அதற்கு ஸ்லக்கிங்: சிங்கிளுக்கு 1, டபுளுக்கு 2, டிரிபிளுக்கு 3, ஹோம் ரன்னுக்கு 4 என்று கூட்டி அட்-பேட்டால் வகுக்க வேண்டும். பேப் ரூத்தின் வாழ்நாள் ஸ்லக்கிங் .690. அவர் பாஸ்டனில் தொடங்கியது பிட்சராக. பந்தெறிந்து வென்றது 94, தோற்றது 46. 1919 கடைசியில் யாங்கீஸுக்கு விற்கப்பட்டார். 1920இல் 54 ஹோம் ரன். அமெரிக்கன் லீகின் மற்ற ஏழு அணிகளில் ஒன்றுகூட மொத்த அணியாகச் சேர்ந்தும் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. ஆட்டம் ஆடப்படும் முறையையே ஒரு மனிதர் மாற்றினார் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று கிடைக்காது.

ரூத்தின் வாழ்நாள் ஹோம் ரன் 714. அதைத் தாண்டியவர் ஹாங்க் ஆரன். ஒரு சீசனில்கூட 47க்கு மேல் அடிக்காதவர். அசராமல் இருபதாண்டுக்கு மேல் அடித்துச் சேர்த்தார். 1973 சீசன் 713இல் முடிந்தது. ஒரு கறுப்பினத்தவர் ரூத்தின் சாதனையைத் தொடக் கூடாது என்று கொலை மிரட்டல் கடிதங்கள் குவிந்த குளிர்காலம் அது. 1974 ஏப்ரல் 8 அன்று அட்லாண்டாவில் 715. முடிவில் 755. அவர் மொத்த ஹிட் 3,771. ஹோம் ரன்கள் அத்தனையையும் அழித்துவிட்டாலும் 3,016 ஹிட் மிஞ்சும். மூவாயிரம் ஹிட் என்பதே ஜாம்பவான்களைப் பிரித்துக் காட்டும் கோடு. ஆரனை வெறும் ஹோம் ரன்காரராக நினைப்பவர்களுக்கு இந்தக் கழித்தல் கணக்கைக் காட்டுங்கள்.

எந்த ஆண்டு என்று கேளுங்கள்

1930இல் நேஷனல் லீகில் பில் டெர்ரி .401 அடித்து முதலிடம். 1968இல் அமெரிக்கன் லீகில் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி .301 அடித்து முதலிடம். நூறு புள்ளி வித்தியாசம். ஆனால் 1930இல் அந்த லீகின் மொத்தச் சராசரியே .303, 1968இல் அந்த லீகின் சராசரி .230. டெர்ரி தன் காலத்துச் சராசரியைவிட 32 சதவீதம் மேலே, யஸ்ட்ரெம்ஸ்கி 31 சதவீதம் மேலே. ஏறத்தாழ ஒரே உயரம். வில்லியம்ஸின் 1941இல் லீக் சராசரி .266, அவர் 50 சதவீதத்துக்கும் மேலே நின்றார்.

மைதானமும் முக்கியம். டென்வரின் கூர்ஸ் ஃபீல்டு கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மெல்லிய காற்றில் பந்து தூரம் போகும், பிட்சரின் பந்து வளைவதும் குறையும். கொலராடோ ராக்கீஸ் வீரர்களின் எண்ணைப் பார்க்கும்போது சொந்த மைதானம், வெளி மைதானம் என்று பிரித்துப் பாருங்கள்.

1968இல் பேட்டர்கள் அப்படித் திணறியதன் மறுபக்கம்தான் செயின்ட் லூயிஸின் பாப் கிப்சன். பிட்சரை அளக்கும் எண் ஈஆர்ஏ: ஃபீல்டிங் தவறால் வராத ரன்களை ஒன்பதால் பெருக்கி, எறிந்த இன்னிங்ஸால் வகுப்பது. ஒரு முழு ஆட்டம் எறிந்தால் சராசரியாக எத்தனை ரன் கொடுப்பார் என்று அர்த்தம். கிப்சன் அந்த ஆண்டு அப்படிக் கொடுத்தது 38 ரன், எறிந்தது 304.2 இன்னிங்ஸ். இங்கே எச்சரிக்கை: .2 என்பது தசமமில்லை, மூன்றில் இரண்டு. கிரிக்கெட்டில் 10.4 ஓவர் என்று எழுதுவது போலத்தான். 38 × 9 = 342; அதை 304.67ஆல் வகுத்தால் 1.12. அடுத்த சீசனுக்கு முன்பே விதியை மாற்றினார்கள்: பிட்சர் நிற்கும் மேட்டின் உயரம் 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலம் ஆனது, ஸ்ட்ரைக் எல்லையும் சுருங்கியது.

இதோடு 2000ஆம் ஆண்டின் பெட்ரோ மார்டினெஸை ஒப்பிட்டுப் பாருங்கள். ஈஆர்ஏ 1.74. கிப்சனைவிட மோசமா? 1968இல் கிப்சனின் லீக் சராசரி 2.99. 2000இல் பெட்ரோவின் லீக் சராசரி 4.91. வகுத்துப் பார்த்தால் கிப்சன் சராசரியின் 37 சதவீதம் கொடுத்தார், பெட்ரோ 35 சதவீதம். மைதானத்தையும் சேர்த்து இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடுவதுதான் ஈஆர்ஏ பிளஸ் என்ற எண்: 100 என்றால் லீக் சராசரி, கிப்சனுக்கு 258, பெட்ரோவுக்கு 291. பேட்டர்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் எறிந்த பெட்ரோவின் அந்த ஆண்டே மேல்.

பிட்சரின் 'வெற்றி' எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். தொடக்க பிட்சர் ஐந்து இன்னிங்ஸாவது எறிந்து, விலகும்போது அணி முன்னிலையில் இருந்து, அது கடைசிவரை நிலைத்தால்தான் வெற்றி அவர் பெயரில் ஏறும். 2018இல் நியூயார்க் மெட்ஸின் ஜேக்கப் டிக்ராம் 1.70 ஈஆர்ஏ வைத்தும் 10 வெற்றி, 9 தோல்வி. அவருடைய அணி ரன் அடிக்கவில்லை. சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாக்காளர்கள் அவருக்கே கொடுத்தார்கள். விருதின் பெயருக்குரிய சை யங்கின் 511 வெற்றியை இனி யாரும் எட்டப் போவதில்லை. ஆண்டுக்கு 25 வென்றாலும் இருபது ஆண்டில் 500தான் வரும்.

வரியில் இல்லாத ஆண்டுகள்

வில்லியம்ஸின் பக்கத்தில் 1943, 1944, 1945 கிடையாது. இரண்டாம் உலகப் போர். 1952, 53இன் பெரும்பகுதியும் போய்விட்டது. அப்படியும் 521 ஹோம் ரன், வாழ்நாள் ஆவரேஜ் .344, ஆன்-பேஸ் .482. இந்தக் கடைசி எண்ணில் இன்றும் அவரே முதல்வர். ரொபெர்டோ கிளெமென்டேயின் ஹிட் சரியாக 3,000 என்று நிற்கும். 1972 செப்டம்பர் 30இல் அதை அடித்தார். டிசம்பர் 31இல், நிகரகுவா நிலநடுக்கத்தில் தவித்தவர்களுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிச் சென்ற விமானம் கடலில் விழுந்து இறந்தார்.

போரும் விபத்தும் பறித்தவை இவை. நிறவெறி பறித்தது இவற்றைவிட அதிகம். 1947 ஏப்ரல் 15இல் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்காக ஜாக்கி ராபின்சன் இறங்கும்வரை, அறுபதாண்டுக்கு மேலாகக் கறுப்பின வீரர்களுக்கு மேஜர் லீகின் கதவு மூடியிருந்தது. ராபின்சனுக்கே அப்போது வயது 28. மற்றவர்கள் ஆடியது நீக்ரோ லீக் என்று அந்தக் காலம் பெயரிட்ட தனி லீக்குகளில். ஹோம்ஸ்டெட் கிரேஸின் கேட்சர் ஜாஷ் கிப்சன் (மேலே சொன்ன பாப் கிப்சன் வேறு) 1947 ஜனவரியில், 35 வயதில், அந்தக் கதவு திறக்க மூன்று மாதம் இருக்கும்போது இறந்துபோனார்.

1966இல் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ்மண்டபத்தில் வில்லியம்ஸைச் சேர்த்தார்கள். நன்றி சொல்லும் உரையில் அவர் ஒரு கோரிக்கை வைத்தார்: வாய்ப்பு மறுக்கப்பட்ட காரணத்தால் மட்டுமே இங்கே இல்லாத கறுப்பின மாவீரர்களின் அடையாளமாக, நீக்ரோ லீக் பிட்சர் சாட்செல் பேய்ஜும் ஜாஷ் கிப்சனும் ஒருநாள் இங்கே சேர வேண்டும். 1971இல் பேய்ஜும் 1972இல் கிப்சனும் சேர்ந்தார்கள்.

2024 மே மாதம் மேஜர் லீக், நீக்ரோ லீகின் 1920 முதல் 1948 வரையிலான எண்களைத் தன் அதிகாரபூர்வப் பட்டியலில் இணைத்தது. வாழ்நாள் ஆவரேஜில் டை காபின் .367ஐத் தாண்டி கிப்சனின் .372 முதலிடம். வாழ்நாள் ஸ்லக்கிங்கில் ரூத்தின் .690ஐத் தாண்டி கிப்சனின் .718. ஒரு சீசனின் சிறந்த ஆவரேஜும் அவருடையதே: 1943இல் .466.

இங்கேயும் அதே இரண்டு கேள்வியைக் கேட்க வேண்டும். நீக்ரோ லீகின் சீசன் பெரும்பாலும் மேஜர் லீகின் 154 ஆட்டத்தில் பாதிகூட இருக்காது. குறைந்த ஆட்டத்தில் உயர்ந்த ஆவரேஜைக் காப்பது எளிது என்பது உண்மை. அந்த லீகை அவ்வளவு குறுக்கியது கிப்சன் அல்ல என்பதும் உண்மை. அணிகள் பிழைப்புக்காக ஊர் ஊராகப் போய் ஆடிய கண்காட்சி ஆட்டங்களில் அவர் அடித்தவை எதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

இப்போது ஒற்றை சீசன் ஆவரேஜ் பட்டியலைத் திறந்தால் மேலே கிப்சனின் .466 இருக்கிறது. வில்லியம்ஸின் .406 அதற்கு வெகு கீழே.